சாங்கிப் போர்வைகள்: ஊசியும் நூலும் எழுதிய ஆவணம்

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களும் ஒரு சமூகத்தின் நினைவைத் தாங்கவல்லன. சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் 1942ஆம் ஆண்டில் உருவான ஒட்டுத்துணிப் போர்வைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆண்களும் பெண்களும் தனித்தனியே வைக்கப்பட்டனர். படைவீரர்களோ வேறு முகாம்களில் இருந்தனர். இந்நிலையில், மருத்துவமனையிலிருந்த காயமுற்றோருக்குப் போர்வைகள் தைக்கும் திட்டத்தைக் கனடா நாட்டவரான எத்தல் மல்வேனி முன்வைத்தார். பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சதுரத் துணியில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூத்தையலாக இட வேண்டும் என்பதே ஏற்பாடு. பலர் தம் பெயரையும் அதில் தைத்தனர். இவ்வாறு 66 சதுரங்கள் வீதம் மூன்று போர்வைகள் உருவாயின. அவை பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், ஜப்பானியர் ஆகிய முத்தரப்பினரின் காயமுற்ற வீரர்களுக்கென அமைந்தன. ஜப்பானியருக்கும் ஒன்று தைத்தமை, ஏனைய இரண்டையும் வெளியே அனுப்ப இசைவு பெறத் துணைபுரிந்தது எனக் கருதப்படுகிறது.

இங்குப் பெயர் வெறும் ஒப்பமன்று. மனைவியின் பெயரைப் போர்வையில் கண்ட கணவர், அவர் உயிருடன் இருப்பதை அறியலாம். உருவங்களும் பொருள் பொதிந்தவை. மலாயாவில் பிறந்து, 17 வயதில் சிறைப்பட்ட ஷீலா ஆலன், தம் தந்தையின் நாடாகிய ஆஸ்திரேலியாவின் வரைபடத்தையும் கங்காருவையும் தைத்தார். எந்தச் சமூகத்தைத் தமதாகக் கொண்டார் என்பதை அச்சதுரமே உரைக்கின்றது.

பிரிட்டிஷ் போர்வை இன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், ஏனைய இரண்டும் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ளன. ஆவணம் நிலைபெற, அதனை ஆக்குவோர் மட்டுமன்றிக் காப்போரும் தேவை என்பதை இது உணர்த்துகின்றது.

அதே ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அங்கு மடிந்தோருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. அவர்தம் நினைவு குடும்பங்களின் வாய்மொழியிலும், வீட்டில் எஞ்சிய பொருள்களிலுமே தங்கியுள்ளது. அவற்றை உரியவரின் பெயரோடும் ஊரோடும் பதிவுசெய்வது, தமிழாசிரியர்கள் தம் மாணவரைக்கொண்டே தொடங்கக்கூடிய பணியாகும். பதியப்படாத பெயர், அதனை அறிந்த இறுதி மனிதரோடு மறைந்துவிடும்.