காவல்காரர் எப்படிக் குற்றவாளி ஆனார்?

கூமாப்பட்டிப் பக்கம் தோட்டத்து மோட்டார் வயர் களவு போனால், டீக்கடையில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அவன் பரம்பரையே அப்படித்தான்." கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. இந்த வட்டாரத்தின் சரித்திரம் சொல்வது வேறு. டீ வரட்டும், நிதானமாகப் பார்ப்போம்.

கம்பெனி ஆட்சிக்கு முன் தென்பாண்டிச் சீமையில் காவல் ஒரு முறையான தொழில். மறவர், கள்ளர் குடும்பங்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே காவல்காரருக்கு நெல் அளந்துவிடுவார்கள். மாடு களவு போனால் அவர் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். துப்புச் சொல்லி மாட்டை மீட்டுத் தருவதற்குக் கொடுக்கும் பணம் துப்புக்கூலி. இதில் மிரட்டலும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். காவலுக்குக் கொடுக்காதவர் தொழுவத்து மாடு காணாமல் போவதும் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் சோறு இருந்தது, மரியாதை இருந்தது, ஊருக்குப் பதில் சொல்லும் கடமையும் இருந்தது.

1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி ஆயுதங்களைப் பறித்தது. பிறகு படிப்படியாகக் காவல் உரிமையையும் எடுத்துக்கொண்டது. காவல்காரர் இனி எதைத் தின்பார் என்று யார் யோசித்தார்கள்? நிலம் இருந்தவர் விவசாயத்துக்குப் போனார். மானாவாரிக் காடுகூட இல்லாதவருக்குத் தெரிந்தது இரவும் பாதையும் மாடும்தான்.

தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தானிய விலை ஏற ஏறக் கொள்ளையும் ஏறியது. பஞ்சம் விலகியதும் இறங்கியது. களவு ரத்தத்தில் இருந்தால் அரிசி விலைக்குத் தக்கபடி அது ஏறி இறங்குமா? அதேசமயம், பஞ்சத்தில் பட்டினியாய்ச் செத்தவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டையும் உடைக்கவில்லை. ஆகவே வறுமை மட்டுமே காரணம் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பிழைப்பு அறுந்த இடத்தில் மரியாதையும் அறுந்து, திரும்பி வரும் வழியும் அடைபட்டால்தான் களவு ஒரு தொழிலாகிறது.

அந்த வழியை அரசாங்கமே அடைத்தது. 1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்க வேண்டும். இரவில் போலீஸ் கண்பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். அடுத்த தாலுகாவுக்கு அறுப்புக்குப் போக நினைத்தவரைக்கூட இந்தச் சீட்டு கட்டிப்போட்டது. இங்கிருந்து வடக்கே, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் அன்று உயிரிழந்தார். மதுரையில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார். அந்த மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது.

பட்டியல் போடும் பழக்கம் மட்டும் ஒழியவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒரு அடிதடியில் உள்ளே போகிறான் என்று வையுங்கள். வீட்டில் வக்கீலுக்குப் பணம் இல்லை, ஜாமீன் நிற்க ஆள் இல்லை. அப்போது ஓர் 'அண்ணன்' வருகிறார். வக்கீல் வைக்கிறார், வெளியே எடுக்கிறார், பிரியாணியும் வாங்கித் தருகிறார். அந்தக் கடனைப் பையன் பணமாக அடைக்க முடியாது. அவர் கைகாட்டிய ஆளை அடித்துத்தான் அடைக்கிறான். இரண்டாவது வழக்கோடு ரவுடிப் பட்டியலில் பேர் ஏறுகிறது. ஊரில் எது நடந்தாலும் போலீஸ் முதலில் அவன் கதவைத்தான் தட்டுகிறது. வேலை கொடுத்திருந்த மில்காரரும் நிறுத்திவிடுகிறார். அவனிடம் அடிபட்டவருக்கு நியாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவர் அடிபடாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த அண்ணன் வருவதற்கு முன் வேறு யாராவது வந்திருக்க வேண்டும்.

வர முடியும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டப்படி, காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கிடைக்கும். வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம். அங்கே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் எது என்று கேளுங்கள். போலீஸ் பையனைக் கூட்டிப்போன அன்றைக்கே, அவன் அம்மாவையோ அப்பாவையோ கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.