தீவகக் கடல் – 12: தாய்க் கொடுவா

சென்ற வாரம் களங்கண்ணி வலையைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் ஒற்றை ஆள், ஒற்றைத் தூண்டில்.

பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கு விடியற்காலையில் வருபவர்கள் அவரைக் கண்டிருப்பார்கள். காற்று விழுந்த பரவைக்கடலில், றெஜிபோம் பலகைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் குந்தியிருப்பார். கையில் தாங்குகம்பு, பெருவிரலில் சுற்றிய தங்கூசி, பக்கத்தில் ஒரு பறி. இயந்திரம் இல்லை, சத்தம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மீனுக்குத் தெரியாமல் மீனை நெருங்க இதைவிட நல்ல கலம் கிடையாது.

அப்படி ஒருவரிடம் என் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் சிம்கோ ஏரியில் கயாக்கில் இருந்தபடி ஒரு மீனின் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்குகிறான். பாஸ் என்னும் அகன்ற வாய் மீன். அடுத்த நொடி அதைத் தண்ணீரில் விட்டுவிட்டான் என்றேன்.

"விடுறதெண்டா பிறகேன் தம்பி பிடிக்கிறான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த அத்தியாயம்.

கயாக் என்பது ஆர்க்டிக் கரையின் இனுவிட் மக்கள் ஒற்றையாளாக வேட்டைக்குப் போகச் செய்த கலம். எலும்பாலும் ஒதுங்கிய மரத்தாலும் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். நம் முன்னோர் மரங்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டார்கள். இனி மீனுக்கு வருவோம். வேலணையில் ஆறும் இல்லை, நீர்த்தேக்கமும் இல்லை. பாஸ் மீனும் இல்லை. ஆனால் அதன் குணமெல்லாம் கொண்ட ஒரு மீன் நம் பரவைக்கடலில் இருக்கிறது: கொடுவா.

இரண்டும் ஓடித் துரத்தும் மீன்கள் அல்ல, பதுங்கிப் பாய்பவை. பாஸ் நீர்ச்செடிக்குள் ஒளிந்திருக்கும். கொடுவா பாலத்தின் தூணோரத்திலும் கண்டல் வேர்களுக்கிடையிலும் நீரோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். வாயைத் திறந்ததும் இரை தண்ணீரோடு உள்ளே போய்விடும். அந்த "தொப்" என்ற சத்தத்தை இரவில் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தூண்டில் தைத்ததும் கொடுவா தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும். அதன் செவிள்மூடியின் ஓரம் கத்திபோல் கூரானது. தங்கூசி அதில் உரசினால் அறுந்துபோகும்.

இரண்டும் பிரிவது குஞ்சு பெருக்கும் விதத்தில். பாஸ் ஆண்மீன் ஏரித் தரையில் குழி பறித்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் முட்டைகளை உடனே தின்றுவிடும். அதனால்தான் ஒன்ராறியோவின் தென்பகுதியில் பல இடங்களில் யூன் மாதம் பாதி தாண்டும்வரை பாஸ் பிடிக்கத் தடை.

கொடுவாவின் கதை இன்னும் வியப்பானது. அது பெரும்பாலும் ஆணாகவே வளர்ந்து, மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்கிறது. ஆறு முதல் எட்டு வயதில், ஒரு மீற்றர் நீளத்தை நெருங்கும்போது, பெண்ணாக மாறுகிறது. ஆக, சந்தையில் எல்லோரும் வியந்து பார்க்கும் மூன்றடிக்கு மேற்பட்ட கொடுவா பெரும்பாலும் ஒரு தாய். அப்படிப்பட்ட ஒரு தாய் பல மில்லியன் முட்டைகளை இடவல்லது. முட்டையிட அதற்குக் கடலின் உப்புநீர் வேண்டும். குஞ்சுகள் வளரக் கண்டலும் உவர்நீரும் வேண்டும். தாம்போதிகளின் மதகுக் கண்கள் தூர்ந்து நீரோட்டம் நின்றால், அவற்றின் வழியும் அடைபடும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனுக்குச் சட்டம் இருக்கிறது. 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்குக் கூடியதையும் பொதுவாக வைத்திருக்கக்கூடாது. சின்னது வளரட்டும், தாய் இருக்கட்டும், நடுவில் உள்ளதை எடு என்பதே அதன் பொருள்.

விடுவது எல்லா இடத்திலும் நன்மை என்றும் சொல்லமாட்டேன். வட அமெரிக்காவின் பாஸ் மீனை 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவியது. 1932இல் ஜோர்ஜியாவில் பிடிபட்ட 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீனின் உலக சாதனையை, 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட பாஸ் சமன் செய்தது. சாதனை பெரிதுதான். ஆனால் உள்ளூர்ச் சிறுமீன்களை அது தின்று தீர்ப்பதைக் கண்டு, 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் பாஸை ஊறு செய்யும் அந்நிய மீனாக அறிவித்தார்கள். வந்தேறி மீனுக்கு ஒரு நீதி, சொந்த மீனுக்கு வேறு நீதி. கொடுவா நம் சொந்த மீன்.

இதையெல்லாம் தெப்பத்துக்காரரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஒரு பெரிய மீன் பட்டால் வீட்டில ஒரு கிழமை அடுப்பெரியும். நான் எப்பிடி விட?" என்றார்.

அவரை விடச்சொல்லும் உரிமை எனக்கில்லை. ஒரு தூண்டிலும் ஒரு பறியும் கடலை வெறுமையாக்கியதில்லை. அடிமடி இழுவைக்கு இலங்கையில் 2017இல் சட்டப்படி தடை வந்ததே, கடலை வெறுமையாக்குவது எது என்பதற்குச் சாட்சி.

கேட்கவேண்டியவர்கள் வேறு. விடுமுறைக்கு ஊர் வந்து, விலையுயர்ந்த தூண்டிலோடு பண்ணையில் நிற்கும் உறவுகளே, மூன்றடிக்கு மேற்பட்ட கொடுவா பட்டால் படமெடுத்துவிட்டு, ஈரக்கையால் பிடித்துத் தண்ணீரில் விடுங்கள். விருந்துக்குப் பெரிய கொடுவாதான் வேண்டும் என்று சந்தையில் கேட்காதீர்கள். சொதிக்கு இரண்டடி மீனே போதும். கடற்றொழிலாளர் சங்கங்கள் கூடிப் பேசி ஓர் அளவை வகுத்தால், தாயை விடும் தொழிலாளிக்கு அதனால் வரும் இழப்பை ஊர் பொதுவில் ஈடுசெய்ய வேண்டும். அந்தச் செலவை நாங்களும் புலம்பெயர்ந்த நீங்களும் ஏற்கலாம்.

மருமகன் ஏன் விட்டான் என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்: அடுத்த முறையும் அங்கே மீன் இருக்கவேண்டும் என்பதற்காக.

(தொடரும்)