மன்னனுக்குப் பத்திலொன்று, பயத்துக்கு இருபதிலொன்று

உழைப்பின் உடம்பு – 14

1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஞாயிறு விடுமுறையை வாங்கிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். இந்த வாரம் துறைமுகத்துக்குள் போயிருக்க வேண்டும். வழியில் மார்க்கோ போலோ பிடித்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்தவர் அவர். முத்துக்குளிப்பில் யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார். வியாபாரிகள் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை மன்னனுக்குக் கொடுத்தார்கள். பெரிய மீன்கள் குளிப்பவரை அண்டாமல் மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மன்னன் வாங்கியதில் சரிபாதி! இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பது என் கேள்வி இல்லை. தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்குப் பயம் உண்டு, அந்தப் பயத்தோடு வேலை நடக்காது, அதைத் தணிக்கும் செலவைத் தொழில்தான் ஏற்க வேண்டும் என்று எழுநூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கரை முடிவு செய்திருக்கிறது. அந்தப் பணம் முத்துக்கணக்கிலிருந்தே போயிருக்கிறது. இன்று எந்த நிறுவனம் தன் வருமானத்தில் இருபதில் ஒன்றை உழைப்பவரின் மனதுக்கென்று ஒதுக்குகிறது?

அதைவிட என்னைக் கவர்ந்தது அடுத்த வரி. மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இருட்டில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுக்கத் துணியக் கூடாது என்பதற்காக. வியாபாரிக்கு அது சரக்குக் காவல். குளிப்பவனுக்கோ பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது. இரவில் இறங்கு என்று அவனை யாரும் விரட்ட முடியாது. மில் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற வேலைநேர வரம்பு இங்கே சுறாவின் பெயரால் இருந்திருக்கிறது.

அந்த மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர். 1530-களில் முத்துக்குளிக்கும் பரதவர் கத்தோலிக்கரான பிறகும் கடல்கட்டி மறையவில்லை. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னாரில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், ஆங்கிலேய அரசே பணம் கொடுத்து அவரை வைத்திருந்தது. அவர் வராமல் ஆட்கள் தண்ணீரில் இறங்க மறுத்தார்கள், அரசு வளைந்துகொடுத்தது. நிபந்தனை நிறைவேறாமல் வேலையைத் தொட மாட்டேன் என்பதற்குத் தொழிற்சங்கம் தோன்றும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

படகிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. 1800-ஐ ஒட்டிய சலாபங்களைப் பார்த்தவர்கள், ஒரு தோணியில் பத்துக் குளிகாரர், ஐந்து கல் என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் கல்லோடு இறங்கினால் மற்ற ஐந்து பேர் மேலே மூச்சு வாங்குவார்கள். இறங்கியவனின் கயிறு மேலே ஒருவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கண் அயரமாட்டான் என்று சொல்வது இந்தக் கரையின் வழக்கம்.

மாறி மாறி இறங்குவதன் அருமை பசிபிக்கில் துவாமோத்து தீவுகளைப் பார்த்தால் விளங்கும். அங்கே முத்துச்சிப்பிக்காக மூச்சை அடக்கி, நாள் முழுக்கப் போதிய இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்ப மூழ்கியவர்களுக்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் வந்தன. சிலர் புத்தி பேதலித்தார்கள், சிலர் செத்தே போனார்கள். பக்கத்து மங்காரேவா தீவில் அதே தொழில் செய்தவர்களுக்கு அது வரவில்லை. ஒவ்வொரு முழுக்குக்கும் நடுவே அவர்கள் 12 முதல் 15 நிமிடம் காத்திருந்தார்கள். வித்தியாசம் அந்த ஓய்வுதான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கல்லும் கயிறும் போயின. ஆனால் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்க இன்றும் போகிறார்கள். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது, டியூப் வழியாகக் காற்று வருகிறது, அடியில் நெடுநேரம் இருக்கலாம். ஆபத்தும் அங்கேதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டில்போல அது உடம்புக்குள் குமிழியிடும். மூட்டு வலிக்கும், கால் விளங்காமல் போகும், சிறுநீர் கட்டுப்படாது. படிப்படியாக நின்று நின்று ஏறினால் தப்பலாம் என்பதை உடலியல் விஞ்ஞானி ஹால்டேன் 1908-லேயே அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்த அதே வருடம்!

சட்டத்துக்கும் இந்த நோய் தெரியும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய்கள் தொழில்நோயாகவே பட்டியலிடப்பட்டன. ஆனால் இழப்பீடு தர ஒரு முதலாளி வேண்டும். பங்குக்குக் கடலுக்குப் போகிறவனுக்கு முதலாளி என்று யாரைக் காட்டுவது? லாபத்தில் பங்கு என்று சொல்லி அழைத்துப்போகிறார்கள். முடங்கிய காலில் யாருக்கும் பங்கில்லை. இது அநியாயம்.

நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையும் 1872-இல் இதே நோய் படுக்கையில் தள்ளியது. அவர் வேலையை இழக்கவில்லை. மனைவி எமிலி அவருடைய உத்தரவுகளைக் கட்டுமானத் தளத்துக்குக் கொண்டுபோனார். 1883-இல் பாலம் திறக்கும்வரை அவரே தலைமைப் பொறியாளர். அதே பாலத்துக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்றில் மண் தோண்டி நோயில் விழுந்த கூலிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கால் போன சங்குகுளிகாரருக்குப் பணம் வேண்டும், சிகிச்சை வேண்டும். தூக்கம் வராமல் சுவரைப் பார்த்துக் கிடக்கும் இரவில் 14416-க்கு, டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, அழைத்தால் பேச ஆள் உண்டு என்று வீட்டாருக்குத் தெரியவும் வேண்டும். அதோடு அவருக்குப் படகில் ஓர் இடமும் வேண்டும் என்கிறேன். உடல் இடம்கொடுத்தால், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடியில் இருப்பவரின் நேரத்தைக் கணக்கிடவும், ஏறும்போது எங்கே நிற்க வேண்டும் என்று டியூப்பை இழுத்துச் சொல்லவும் அவரைவிடத் தகுந்தவர் யார்? அதற்கு ஒரு முழுப்பங்கு கொடுக்க வேண்டும். மார்க்கோ போலோ காலத்து வியாபாரிகளால் முடிந்தது இன்றைய சங்கு வியாபாரத்தால் முடியாதா?

துறைமுகம் அடுத்த வாரம். கப்பலின் சரக்கறைக்குள் இறங்கும் தொழிலாளிக்கு 1986-ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் என்ன தந்தது, ஒப்பந்தக் கூலிக்கு அது எட்டியதா என்று பார்ப்போம்.

(தொடரும்)