இன்ஜின் நின்னுட்டா திரும்பி வரலாமா?

2025 நவம்பர் 13 மதியம் எங்கள் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. சேலத்தில் இருந்து கிளம்பிய செஸ்னா 172 பயிற்சி விமானம், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம், திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கி நிற்கிறது. சுற்றி ஒரே கூட்டம். உள்ளே இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. வீடியோவுக்குக் கீழே வந்த முதல் கேள்வி: "திருச்சி ஏர்போர்ட் பக்கத்துலதானே இருக்கு, அங்க போயிருக்கலாம்ல?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் பேப்பரை எடுத்துக் கணக்கு போட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த காக்பிட்டுக்குள் நடந்ததைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வரல. பொதுவான கணக்கு இது. செஸ்னா 172-இல் ஒரே இன்ஜின். அது நின்றால் விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு அடி இறங்கும்போது சுமார் 9 அடி முன்னால் போகும். அதற்கும் வேகத்தைச் சரியாக 65 நாட் (மணிக்கு சுமார் 120 கி.மீ.) பக்கத்தில் பிடித்து வைக்கணும். 3,000 அடி உயரத்தில் நின்றால் கையில் இருப்பது 8 கி.மீ. தூரமும் 4 நிமிடமும். 1,000 அடியில் என்றால் 80 வினாடி. நம்ம கேன்டீனில் டீ வாங்க நிற்கிற நேரம்கூட இல்லை. நார்த்தாமலையில் இருந்து திருச்சி ஏர்போர்ட் 20 கி.மீ.க்கு மேல். இன்ஜின் இல்லாமல் அங்கே போய்ச் சேர 7,000 அடிக்கு மேல் உயரம் வேணும், அதுவும் எதிர்க்காற்று இல்லாமல்.

இதைவிட மோசமானது டேக் ஆஃப் ஆன உடனே இன்ஜின் நிற்பது. ரன்வே முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். "இதோ இருக்கே, திரும்பிடலாம்" என்று மனசு சொல்லும். பைலட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'முடியாத திருப்பம்'. ஏன் முடியாது? மெதுவாகத் திரும்பினால் நேரம் போகும், நேரம் போனால் உயரம் போகும். சடக்கென்று திரும்பினால் இறக்கையைச் சாய்க்கணும். சாய்த்தால் ஸ்டால் ஆகும் வேகம் ஏறும். நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகிற விமானம், 45 டிகிரி சாய்வில் சுமார் 60 நாட்டிலேயே ஆகும். 60 டிகிரியில் 70 நாட். நாம் பறப்பதோ 65-இல்! கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. தரைக்குப் பக்கத்தில் ஸ்டால் ஆனால் மீண்டு வர உயரம் கிடையாது. அதனால்தான் குறைந்த உயரத்தில் இன்ஜின் போனால் நேராகவோ, லேசாக இடம் வலம் திருப்பியோ, கண்ணுக்கு முன்னால் இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்து இறங்கு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

சொல்வது சுலபம். இன்ஜின் நின்ற முதல் சில வினாடி மனுஷன் நம்பவே மாட்டான், அதுதான் சிக்கல். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி ரெண்டு இன்ஜினும் போன விமானத்தை கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில், பறவை மோதிய அதே கணத்தில் ஏர்போர்ட்டுக்குத் திருப்பிப் பார்த்தபோது சில முயற்சிகள் ஜெயித்தன. யோசிக்கிற நேரமாக 35 வினாடி சேர்த்துப் பார்த்தார்கள், போய்ச் சேர முடியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நமக்கு அந்த 35 வினாடி இலவசமாகக் கிடைக்கிறது.

அதனால் யோசனையை முன்கூட்டியே செய்து வைக்கிறார்கள். டேக் ஆஃப்புக்கு முன்பே "இந்த உயரத்துக்குக் கீழே நின்னா நேரா இறங்குவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது ஒரு பழக்கம். நின்ற பிறகு முதலில் வேகம், அடுத்து இடம், அதற்குப் பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் செய்யும் முயற்சி: எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர், மேக்னெட்டோ. மேடே சொல்வது, டிரான்ஸ்பாண்டரில் 7700 போடுவது எல்லாம் கடைசியில். டவரில் இருப்பவர் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது இல்லையா! டவரே இல்லாத சின்ன ஏர்ஸ்ட்ரிப் என்றால் சுற்றி இருக்கும் மற்ற பைலட்களுக்குத்தான் சொல்லணும். இறங்குவதற்கு முன் எரிபொருளை அடைக்கணும், ஃபிளாப்பைப் போட்ட பிறகே மாஸ்டர் சுவிட்சை அணைக்கணும் (172-இல் ஃபிளாப் கரண்டில் ஓடுவது), கதவை லேசாகத் திறந்து விடணும். மோதலில் சட்டம் வளைந்தால் கதவு திறக்காது என்பதற்காக.

சரி, ரோடா வயலா? ரோடு கெட்டியானது, ஆனால் விமானத்தின் இறக்கை 11 மீட்டர் அகலம். மின்கம்பி, மரம், பைக்கில் வருகிற யாரோ ஒருத்தர். மேலே இருந்து பார்த்தால் கம்பி தெரியாது, போஸ்ட் மரத்தைத்தான் தேடணும். அறுவடை முடிந்த காய்ந்த வயல் பல நேரம் ரோட்டைவிட நல்லது. விமானம் உடையலாம். பைலட்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு: இன்ஜின் நின்ற நொடியில் இருந்து விமானம் இன்சூரன்ஸ் கம்பெனியோடது. விமானத்தையும் காப்பாற்றணும் என்று ஆசைப்பட்டு ரன்வேயை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்ததில் இருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது, திண்டுக்கல்லில் இருந்து நிலக்கோட்டை வரை பஸ் ஜன்னலில் இடம் தேடிக்கொண்டே வருகிறேன். தென்னந்தோப்பு, கூடவே கூடாது. மல்லிகைத் தோட்டம், செடி குட்டை, பரவாயில்லை, ஆனால் வரப்புக்குக் குறுக்கே இறங்காமல் நீளவாக்கில் இறங்கணும். ஆடி மாசக் காற்றென்றால் தென்னங்கீற்று எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்து எதிர்த்து இறங்கணும். 60 நாட்டில் வருகிற விமானத்துக்கு 15 நாட் எதிர்க்காற்று கிடைத்தால் தரை வேகம் 45, மோதல் ஆற்றல் கிட்டத்தட்ட பாதியாகும்.

போன வாரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னடா வெளியவே பார்த்துட்டு வர்ற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவரும் பார்த்துவிட்டு, ஒரு காலி நிலத்தைக் காட்டினார். நல்ல நீளம், மரமே இல்லை. பஸ் பக்கத்தில் வந்ததும் பார்த்தால் நடுவில் கிணறு.