கம்பி எடை குறைவா? டி-டெஸ்ட் என்ன சொல்லுது?

'ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ்' பேப்பர்ல முதல் யூனிட்டே ஹைப்பாதிசிஸ் டெஸ்டிங்தான். ஃபார்முலா எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா வந்த விடைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பாதிப் பேர் முழிப்போம். அதனால புக்ல வர்ற பல்பு, பேட்டரி கணக்கை விட்டுட்டு நம்ம ஏரியா பொருள் ஒண்ணை எடுத்துக்குவோம்: டிஎம்டி கம்பி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவங்களுக்கு ரோலிங் மில்லும் கம்பி லாரியும் புதுசு இல்ல.

12 மிமீ கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ இருக்கணும். சைட்ல போடற கணக்கும் கிட்டத்தட்ட இதேதான்: விட்டத்தோட வர்க்கத்தை 162-ஆல வகுக்கணும். 144-ஐ 162-ஆல வகுத்தா 0.889.

ஒரு லோடுல இருந்து ராண்டமா 9 துண்டு, ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர், எடை போடறோம்னு வெச்சுக்குங்க. சராசரி 0.872 கிலோ, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.024 (9-ஆல இல்ல, 8-ஆல வகுத்து எடுத்தது). இந்த நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் போட்டது.

சாம்பிள் சின்னது, லோடு முழுசோட டீவியேஷன் தெரியாது. அதனால இசட் இல்ல, டி-டெஸ்ட். இது பிறந்ததே ஒரு ஃபேக்டரியிலதான். டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில வேலை பார்த்த காசெட், 1908-ல 'ஸ்டூடண்ட்'ங்கிற புனைபெயர்ல வெளியிட்டார்.

நல் ஹைப்பாதிசிஸ்: லோடு சராசரி 0.888.
ஆல்டர்நேட்: 0.888-ஐ விடக் குறைவு.
ஸ்டாண்டர்ட் எரர்: 0.024 ÷ 3 = 0.008.
டி = (0.872 − 0.888) ÷ 0.008 = −2.

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 8. 5% அளவுல ஒன்-டெயில் டேபிள் மதிப்பு 1.860. நமக்கு வந்த 2 அதைத் தாண்டுது, அதனால நல் ஹைப்பாதிசிஸ் ரிஜெக்ட். இதையே டூ-டெயில்ல போட்டா டேபிள் மதிப்பு 2.306, ரிஜெக்ட் ஆகாது! அதனாலதான் எந்த டெயில்னு டேட்டாவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். பார்த்துட்டு மாத்துனா அது டெஸ்ட் இல்ல, வேணும்கிற விடையைத் தேடிப் பிடிக்கிறது.

ஒன்-டெயில் பி-வேல்யூ சுமார் 0.04. 'கம்பி சரியா இருக்க 4% வாய்ப்பு'ன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. உண்மையான சராசரி 0.888-ஆவே இருந்தாலும், இவ்வளவு குறைவான சாம்பிள் 100-ல 4 தடவை தற்செயலா வரலாம். அவ்வளவுதான்.

அப்போ லோடைத் திருப்பி அனுப்பிடலாமா? அவசரப்படாதீங்க. 10 மிமீக்கு மேல 16 மிமீ வரைக்கும், ஒரு பேட்சுக்கு ஐஎஸ் 1786 அனுமதிக்கிற எடை வித்தியாசம் 5%. நமக்கு வந்த குறைவு 1.8% தான். 'வித்தியாசம் இருக்கு'ங்கிறது வேற, 'தப்பான கம்பி'ங்கிறது வேற.

நாம கேட்க வேண்டிய கேள்வியே வேற. கீழ் வரம்பு 0.888 × 0.95 = 0.8436. இப்போ நல் ஹைப்பாதிசிஸ்: சராசரி 0.8436 அல்லது அதுக்குக் கீழ. டி = (0.872 − 0.8436) ÷ 0.008 = 3.55. 1% அளவோட டேபிள் மதிப்பு 2.896-ஐயே தாண்டிடுச்சு. லோடோட சராசரி எடை வரம்புக்கு மேலதான் இருக்குன்னு தைரியமா சொல்லலாம்.

நல் ஹைப்பாதிசிஸை ஏன் இப்படித் திருப்பிப் போட்டோம்? டைப் ஒன் எரரோட அளவைத்தான் நாம நேரடியா 1%, 5%னு கட்டுப்படுத்த முடியும். முதல் டெஸ்ட்ல அந்த எரர்னா, சரியான எடை உள்ள லோடு திரும்பிப் போகும். நஷ்டம் லாரி வாடகை. ரெண்டாவதுல அந்த எரர்னா, எடை குறைஞ்ச கம்பி ஒருத்தர் வீட்டுத் தூணுக்குள்ள போய் கான்கிரீட் மூடிடும். அப்புறம் யாரும் எடை போட முடியாது. எந்தத் தப்பு அதிக ஆபத்தோ, அதை டைப் ஒன் இடத்துல வைக்கணும்.

எக்ஸாம்லயும் இதே வரிசைதான்: முதல்ல கேள்வி, அடுத்து நல் ஹைப்பாதிசிஸ், அடுத்து டெயில். கால்குலேட்டர் கடைசியில.