பழைய மியாட்டாவுக்கு எந்த மவுன்ட்?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா எம்எக்ஸ்-5 முதன்முதலாக வெளியுலகைப் பார்த்தது. இரண்டே இருக்கை, மடக்கிவிடும் துணிக்கூரை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. அமெரிக்கர்கள் மியாட்டா என்று அழைக்கும் இந்தக் காரின் முதல் தலைமுறை 1997 வரை தயாரானது. முறையாகப் பராமரித்தால் இன்ஜின் வெகுகாலம் உழைக்கும். ரப்பர்தான் அதற்கு முன்பே சோர்ந்துவிடுகிறது.

அப்படிச் சோர்வதில் பலர் கவனிக்காத ஒன்று, ஷாக் அப்சார்பரின் மேல் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் மவுன்ட். சக்கரத்திலிருந்து ஏறிவரும் அதிர்வைத் தன் ரப்பரில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை மட்டும் மேலே அனுப்புவது அதன் வேலை. அது நைந்துபோனால் சின்னப் பள்ளத்தில்கூட ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும். ஷாக்தான் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக மாற்றுவார்கள். பழைய மவுன்டையே மறுபடி பூட்டியிருந்தால் சத்தம் அப்படியே இருக்கும்.

கார் குறைவாக ஓடியிருக்கிறது என்பதால் மவுன்ட் நன்றாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. வெப்பமும் ஆக்சிஜனும் ஓசோனும் நின்றுகொண்டிருக்கும் காரின் ரப்பரையும் இறுக வைத்து வெடிக்கச் செய்கின்றன. பிரிக்காத பெட்டியில் இருபது ஆண்டு கிடந்த ‘புதிய’ பாகத்துக்கும் இது பொருந்தும்.

கடையில் கிடைப்பவை பல வகை. பழைய வடிவிலேயே வரும் ரப்பர் மவுன்ட் சொகுசானது. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் வைத்தால் கார் கொஞ்சம் விறைப்பாகும். ரப்பரே இல்லாமல் உலோக உருண்டை பேரிங்கில் நிற்கும் மவுன்ட் ஸ்டீயரிங்குக்குத் துல்லியமான பதில் தரும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் காருக்குள் கொண்டுவரும். பந்தயத் தடத்துக்கு அது சரி. வேலைக்குப் போய்வரும் காருக்கு வீண் தண்டனை.

மியாட்டாக்காரர்களிடம் இன்னொரு நல்ல வழி உண்டு. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் மவுன்ட் முதல் தலைமுறைக் காரிலும் பூட்டக்கூடியது. அதில் ஷாக் மேல்நோக்கி நகரக் கூடுதல் இடம் கிடைக்கிறது. முதல் தலைமுறையில் அந்த இடம் குறைவு. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி காரைத் தாழ்த்தியவர்களுக்கு அது இன்னும் சுருங்கி, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஷாக் தண்டிலுள்ள ‘பம்ப் ஸ்டாப்’ ரப்பரில் போய் மோதும். கார் துள்ளுவதற்கு ஸ்பிரிங்கைக் குறை சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். மவுன்டை மட்டும் தனியாக வாங்காமல், அதற்குரிய புஷ், வாஷர், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

ஒரு காருக்குச் சொன்ன யோசனை இன்னொன்றுக்கு ஆகாது. மியாட்டாவின் நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் அமைப்பு இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஷாக் சுழல்வதில்லை. போர்ஷே 944, பிஎம்டபிள்யூ இ30 ஆகியவற்றின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட். அங்கே ஸ்ட்ரட்டே சக்கரத்தோடு திரும்புவதால், மேல் மவுன்டில் பேரிங் ஒன்றும் இருக்கிறது. அது பிடித்துக்கொண்டால் ஸ்டீயரிங் கனக்கும், திருப்பிய பிறகு தானாக நேருக்குத் திரும்பத் தயங்கும்.

மாற்றும்போது இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷாக்கின் கீழ்முனை ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, கார் சக்கரத்தில் நின்று எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும்; தொங்கும் நிலையில் இறுக்கினால் புது புஷ் முறுக்கேறி சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது. மவுன்டைக் கழற்ற ஸ்பிரிங்கை அழுத்தி வைக்க வேண்டும்; அது நழுவினால் உயிருக்கே ஆபத்து. சரியான ஸ்பிரிங் கம்ப்ரஸரும் பழக்கமும் இல்லாதவர்கள் தயவுசெய்து அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.