எண்ணிக்கையில் வராத உழைப்பு: ஜான் அர்ஷலின் திடலும் கணிதமும்

காற்பந்து என்றால் நமக்குக் காலால் உதைத்து விளையாடும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் அதே பெயரில் அழைக்கும் ஆட்டம் முற்றிலும் வேறானது. நீள்வட்ட வடிவிலான பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, தோழருக்கு எறிந்தோ எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அந்த ஆட்டத்தில் பந்தைப் பெரும்பாலும் தொடாமலேயே ஆட்டக்காலம் முழுவதையும் கழித்துவிடுகின்ற சிலர் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் இன்று உலகப் புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கிறார். அவரது கதை, படிப்புக்கும் புறப்பாட நடவடிக்கைக்கும் இடையில் நாளும் அல்லாடும் நமக்குப் பயன்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஐவர் வரிசை

அமெரிக்கக் காற்பந்தில் ஒவ்வோர் அணியிலும் ஒரு நேரத்தில் பதினொருவர் களத்தில் இருப்பர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்னால் ஐவர் வரிசையாகக் குனிந்து நிற்பர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்ட் இருவர். அவர்களுக்கு வெளியே டேக்கிள் இருவர். சென்டர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் கொடுத்த மறுகணம், ஐவரும் எதிரணியினர் மீது மோதித் தடுக்க வேண்டும். அவர்கள் தடுக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் குவாட்டர்பேக் பந்தை எறிய முடியும். மற்றவர் ஓட வழி திறக்கும்.

இவர்களின் எடை பொதுவாக 300 பவுண்டை, அதாவது 136 கிலோவை ஒட்டியிருக்கும். புள்ளி எடுத்தவர் பெயரும் பந்தைப் பிடித்தவர் பெயரும் பதிவேட்டில் ஏறும். இவர்கள் செய்த நூறு தடுப்புகள் அங்கு ஏறுவதில்லை. தவறு செய்தால் மட்டும் நடுவர் இவர்களின் சட்டை எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். நன்றாகச் செய்தால் எவரும் கவனிக்காத வேலை என்று இதைச் சொல்லலாம்.

ஆள் சேர்க்கும் முறை

அமெரிக்காவில் இவ்விளையாட்டின் நாற்றங்கால் பல்கலைக்கழகங்களே. பயிற்றுநர்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் செல்வார்கள். ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பார்கள். மாணவரின் வீட்டுக்கே வந்து பெற்றோரிடம் பேசுவார்கள். மாணவர்களை நட்சத்திரக் கணக்கில் தரம் பிரிக்கும் நிறுவனங்களும் உண்டு. இறுதியில் மாணவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பொருள் எளிது: நீ எங்களுக்காக விளையாடு, நாங்கள் உன் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இவ்வாறு 85 பேருக்கு முழு உபகாரச் சம்பளம் வழங்கலாம் என்பதே நெடுங்கால விதியாக இருந்தது. 2025இல் அது மாறி, அணியில் 105 பேர் வரை இருக்கலாம் என்றானது.

இந்தப் பேரத்தில் ஒரு நுட்பம் மறைந்திருந்தது. 2012 வரை அந்த உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கு மட்டுமே உறுதி. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஆட்டத்தால் பெரும் வருவாய் ஈட்டியபோதும் மாணவருக்குக் கல்வியே கூலி. தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெற 2021இல்தான் அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரும் முறை 2025இல் வந்தது. ஆகவே, அதற்கு முன் விளையாடியவர்கள் தம் கூலியை முழுமையாகப் பெற ஒரே வழிதான் இருந்தது: படிப்பைப் படிப்பாகவே படிப்பது.

பென் ஸ்டேட்டுக்கு வந்த மாணவர்

ஜான் அர்ஷல் 1991இல் கனடாவின் வினிப்பெக் நகரில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே புதிர்களில் அவருக்கு இருந்த நாட்டத்தைத் தாயார் கண்டுகொண்டு, கணிதப் பயிற்சி நூல்களை வாங்கிக் கொடுத்து வளர்த்தார். பள்ளியில் காற்பந்து ஆடினாலும் நட்சத்திரப் பட்டியலின் உச்சியில் இருந்தவர் அல்லர். 2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமான பென் ஸ்டேட்டில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார்.

முதலாண்டில் அவர் போட்டிகளில் இறக்கப்படவில்லை. ஓராண்டு பயிற்சி மட்டும் செய்துவிட்டு, அடுத்த நான்கு ஆண்டுகள் விளையாடும் உரிமையைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கு உண்டு. பலருக்கு அது உடலைத் தேற்றும் காலம். அர்ஷலுக்கோ அதனால் கிடைத்த ஐந்தாண்டுகளும் கல்விக்கான வாய்ப்பாயின. கணிதத்தில் இளங்கலைப் பட்டத்தை மூன்றே ஆண்டுகளில் முடித்தார். அடுத்து முதுகலைப் பட்டமும் பெற்றார். களத்தில் வலப்புற கார்டாக ஆடிய அதே காலத்தில், வகுப்பறையில் இளங்கலை மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தார். சூரியன், வியாழன், சிறுகோள் ஆகிய மூன்றின் இயக்கத்தைப் பற்றிய அவரது கூட்டு ஆய்வுக் கட்டுரை 2013இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. முன்னாள் துணைப் பயிற்றுநர் ஒருவர் சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் கொடுமை அம்பலமானதைத் தொடர்ந்து, 2012 ஜூலையில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பென் ஸ்டேட்டுக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்தது. பருவ இறுதிப் போட்டிகளில் பங்கேற்கவும் தடை விதித்தது. ஆட்டக்காரர்கள் விரும்பினால் உடனே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்றும் அறிவித்தது. சிலர் மாறினர். அர்ஷல் மாறவில்லை. 2013இல், கல்வியிலும் களத்திலும் சமூகப் பணியிலும் சிறந்த கல்லூரிக் காற்பந்து வீரருக்குரிய வில்லியம் கேம்பல் விருது அவரைத் தேடி வந்தது.

தலையில் விழுந்த அடி

2014இல் தொழில்முறைக் குழுக்கள் வீரர்களைத் தெரிவு செய்தபோது, பால்டிமோர் ரேவன்ஸ் குழு ஐந்தாம் சுற்றில், 175ஆவது ஆளாக அவரை எடுத்தது. மூன்று பருவங்களில் 40 ஆட்டங்களில் களமிறங்கினார். தொழில்முறை வீரரான பின்னும் பழைய நிசான் கார் ஒன்றையே ஓட்டினார், சிக்கனமாக வாழ்ந்தார். மூளைக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் ஆடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு 2015 மார்ச்சில் ஒரு கட்டுரையில் பதில் எழுதினார். பணத்துக்காக அல்ல, எதிரே நிற்பவரோடு மோதுவதில் உள்ள இன்பத்துக்காகவே ஆடுகிறேன் என்பதே அதன் சாரம். ஒளிவுமறைவற்ற பதில்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் உடல் ஆட்டத்துக்குத் தயாரானது. ஆனால் உயர்நிலைக் கணிதத்துக்கு வேண்டிய, மனக்கண்ணில் வடிவங்களைக் காணும் ஆற்றல் திரும்ப அதைவிடக் கூடுதல் காலம் பிடித்ததாக அவரே பின்னர் கூறினார். சாதாரண மனிதர் உணராமலே போகக்கூடிய இழப்பு அது. கணித அறிஞர் என்பதால் அவருக்கு அது தெரிந்தது.

2016இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். 2017 ஜூலை 25ஆம் நாள் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. இறந்தபின் மூளை தானமாக வழங்கப்பட்ட காற்பந்து வீரர்களை ஆராய்ந்ததில், தொழில்முறையில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கும், கல்லூரியோடு நின்ற 53 பேரில் 48 பேருக்கும், தொடர் அடிகளால் வரும் மூளைச் சிதைவு நோய் காணப்பட்டது. நோய் இருக்குமோ என ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்திருக்கக்கூடும் என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் பொருந்தும் எனக் கொள்ளக் கூடாது. ஆயினும் புறந்தள்ளக் கூடிய செய்தியன்று. இரண்டு நாள் கழித்து, 26 வயதில், அர்ஷல் ஓய்வை அறிவித்தார். முழுநேரமாகப் படிக்க வேண்டும், முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது என்ற காரணங்களையும் அவர் கூறினார். 2021இல் முனைவரானார். 2023 முதல் எம்.ஐ.டி.யின் கணிதத் துறையில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறார்.

நமக்கு என்ன?

அர்ஷலைப் போல் எல்லாரும் இரண்டிலும் வெல்லலாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது பொய்யான ஊக்கம். கல்லூரியில் ஆடும் பல்லாயிரம் பேரில் மிகச் சிலரே தொழில்முறைக்குச் செல்கின்றனர். 2014இல் தெரிவானவர்கள் 256 பேர் மட்டுமே. தெரிவாகாத முன்வரிசை வீரருக்கு எஞ்சுவது வலிக்கும் முழங்காலும், படித்திருந்தால் ஒரு பட்டமும்தான். அர்ஷலின் தனிச்சிறப்பு அவர் வென்றதில் மட்டும் இல்லை. பல்கலைக்கழகம் தமக்குத் தர வேண்டிய கூலி எது என்பதைப் பதினெட்டு வயதிலேயே அறிந்து, அதை ஒரு காசு விடாமல் வசூலித்துக்கொண்டதில் இருக்கிறது. விட வேண்டிய நேரத்தில், தாம் நேசித்த ஒன்றை விட்டதிலும் இருக்கிறது.

நம்மிலும் முன்வரிசைக்காரர்கள் இருக்கிறார்கள். கலைவிழா மேடையில் பாடியவரை எல்லாரும் அறிவர். நாற்காலி அடுக்கியவர், நன்கொடைக்காக அலைந்தவர், இம்மலரின் பிழைகளை விடியும்வரை திருத்தியவர் ஆகியோரின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்த உழைப்பு தேவை; அதில் இன்பமும் உண்டு. ஆனால் தம்பி, தங்கைகளே, இயக்கத்துக்குத் தோள் கொடுக்கும் அதே வேளையில், நீங்கள் எதற்காக இந்த வளாகத்துக்கு வந்தீர்களோ அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை உங்கள் சார்பில் வேறு யாரும் வசூலித்துத் தரமாட்டார்கள்.